ஒன்று கூடுதல்

பூப்பாறை போகும் கடைசி ஜீப்
ஏலக்காய் வாசத்தோடு கிளம்பிய பிறகு
ஞானசிகாமணி ஷட்டரைப் பாதி இறக்கினார்.
ஆய்வு நடக்கையில் வாடிக்கையாளர் கூடாது.
அது விதி இல்லை, அவர் கூச்சம்.
மாடியில் டியூஷன் பிள்ளைகள்
பெஞ்சு இழுக்கிற சத்தம்.

மேஜையில் மூன்று பதிவேடு.
வாங்கியது, விற்றது, வைத்திருப்பது.
மூன்றாவதுதான் தடிமன்.
தேர்தல் அறிவித்ததும் தோட்டக்காரர்கள்
துப்பாக்கியை இங்கே வைத்துவிட்டு
வெறுங்கையோடு மெட்டு ஏறுவார்கள்.
பன்றிக்கு நடத்தை விதி கிடையாது.
அந்த இரண்டு மாதமும்
இரு மாநிலத்து மரவள்ளியையும்
பாகுபாடில்லாமல் தோண்டும்.

தோட்டா எண்ணினேன்.
எண்ணும்போது வாய் அசையும் எனக்கு.
தேனி கலெக்டர் ஆபீசில்
'வேதவல்லி மேடம் ஜெபம் பண்றாங்க' என்பார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
புத்தகத்திலும் அதுவே.
டீ சொல்லட்டுமா என்றார்.
முடியட்டும் என்றேன்.

ரேக்கில் முப்பத்தொன்று.
ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை:
பெயர், உரிம எண், ஆயுத எண், வைத்த தேதி.
அட்டையைப் பார், புத்தகத்தைப் பார், டிக் போடு.
பதினேழாவது அட்டை பழுத்திருந்தது.
குரியாக்கோஸ், பூப்பாறை.

"ஆறு வருஷமா இவர் எடுக்கவே இல்லையா?"

"இறந்துட்டாரும்மா. மகன் அயர்லாந்துல.
அங்கிளே வெச்சுக்கோங்கங்கிறான்.
வெச்சுக்க நான் யாரு?
லைசென்ஸ் இடுக்கி, கடை தேனி.
ரெண்டு ஆபீசும் மாத்தி மாத்தி எழுதுறாங்க,
அவங்க மலையாளத்துல, நீங்க தமிழ்ல.
நான் வருஷா வருஷம் எண்ணெய் போடறேன்."

வெளியே மட்டுமா என்று
அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆயுத எண்ணின் கடைசி இலக்கம்
ஒன்றா ஏழா தெரியவில்லை.
புத்தகத்தில் ஏழு.
போன வருடம் ஏழு.
அதற்கு முந்தைய வருடம், என் கையெழுத்தில், ஏழு.
உண்மையான எண் குழலின் அடிவயிற்றில் இருக்கும்.
மடக்கினால்தான் தெரியும்.

மடக்கினேன்.
ஒன்று.

எண்ணைச் சொல்கிறேன்.
கூடவே வலது குழலிலிருந்து
நகத்தளவு வெளியே வந்து நின்றது
பச்சை பூத்த பித்தளை வட்டம்.
தோட்டாவின் பின்பக்கம்.

இருவரும் அதைப் பார்த்தோம்.
பிறகு, ஒரே நேரத்தில், மேலே பார்த்தோம்.
ரேக்கில் குழல்கள் வானம் பார்த்துத்தான் நிற்கும்.
இங்கே வானம் என்பது
மரப்பலகை, அதன்மேல் பெஞ்சுகள்.

"கொட்டகுடி ஆத்துல போட்டுட்டா..." என்று தொடங்கி
ஞானசிகாமணி தானே நிறுத்திக்கொண்டார்.
முப்பது வருட உரிமம்.
ஒரு தோட்டா குறைந்ததில்லை அவர் கடையில்.
குறைந்தால் விளக்கம் கேட்கப் படிவம் உண்டு.
கூடினால் எழுத
எந்தப் பக்கத்திலும் கட்டம் இல்லை.

பக்கத்தைப் புரட்டினேன்.
ஆறு ஆய்வு, ஆறு முத்திரை:
'சரிபார்க்கப்பட்டது.'
ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார்.
ஒருவர் சென்னையில், பதவி உயர்வில்.
இரண்டு கையெழுத்து என்னுடையது,
வளைவெல்லாம் தெளிவாக, அவசரமே இல்லாமல்.
அதே ரப்பர் முத்திரை
இப்போதும் என் கைப்பையில், மை டப்பாவோடு.

சிவப்பு மையில், ஓரத்தில் எழுதினேன்:
ஒன்று கூடுதல்.
கீழே:
'முந்தைய ஆய்வுகளில் ஆயுதம்
திறந்து பார்க்கப்படவில்லை.'
யாரும் செய்யாத காரியம் மாதிரி
எவ்வளவு சுத்தமாக நின்றது அந்த வாக்கியம்.
அடித்தேன்.
'நான் திறந்து பார்க்கவில்லை.
மற்ற நால்வரைக் கேட்க வேண்டும்.'
அவர் தலைகீழாகவே அதை வாசித்துவிட்டு
நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.
உங்கள் பெயரும் வரும் என்றேன்.
தெரியும்மா என்றார்.

டீ வேண்டாம்.
மாடிக்குப் போய்ப் பிள்ளைகளை
இன்றைக்கு வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.
முதல் பதினாறையும்
நான் அட்டை பார்த்துத்தான்
தாண்டி வந்திருக்கிறேன்.